கத்தினால் விடும், குழைந்தால் முறியும்: துருப்பிடித்த இன்ஜின் நட்டை வீட்டிலேயே கழற்றுவது எப்படி

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சீட்டுக்கு அடியிலிருந்து "டிக் டிக் டிக்" என்று ஒரு சத்தம் வரும். இன்ஜின் சூடேறியதும் குறைந்துவிடும். டேப்பெட் சத்தம் என்றுதான் முதலில் நினைப்போம். சீட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்) இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டில் உட்காரும் இடத்தில் கண்மை தீட்டியது போலக் கரி படிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் புகை கசியாமல் அடைக்கிற பேக்கிங் போய்விட்டது, சந்தேகமே வேண்டாம். பேக்கிங் பெரிய விலை இல்லை, மாற்றுவதும் பெரிய வேலை இல்லை. நாலைந்து நட்டைக் கழற்றி, மேனிஃபோல்டை இழுத்து, புதுப் பேக்கிங் வைத்து மாட்டினால் முடிந்தது. ஆனால் அந்த நாலைந்தில் ஒன்று வராது. எப்போதுமே ஒன்று வராது. அதுவும் கை நுழையாத மூலையில் இருப்பதாகப் பார்த்துத்தான் மக்கர் செய்யும்.

என்னுடையது ஒரு குட்டி யானை. தூத்துக்குடியில் உப்பளத்துக்கும் மீன்பிடித் துறைமுகத்துக்கும் ஓடுகிற வண்டி. மூட்டையிலிருந்து சிந்தும் உப்பு, மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர், போதாததற்குக் கடல் காற்று. துருவுக்கு விருந்து வைத்த மாதிரி. முதன்முதலில் நானே பேக்கிங் மாற்றப் போனபோது கடைசி நட்டு அசையவில்லை. ஸ்பானரில் இரண்டடி பைப்பைச் செருகி அழுத்தினேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி சத்தமில்லாமல் திரும்பியது. ஆகா, வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே கையை எடுத்தால், ஸ்பானருக்குள் நட்டோடு சேர்ந்து அரை ஸ்டட்டும் (ஹெட்டில் திருகி நிற்கிற, தலையில்லாத போல்ட்) வந்திருந்தது. மீதி அரை ஹெட்டுக்குள். ஹெட்டை இறக்கி, லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய், மூன்று நாள் வண்டி படுத்துவிட்டது.

பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணாச்சி அந்த அரை ஸ்டட்டைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எலே, நட்டு கத்துச்சுன்னா விடுதுன்னு அர்த்தம். சத்தமே இல்லாம கொழகொழன்னு வந்தா முறியப் போவுதுன்னு அர்த்தம். நீ சந்தோசப்பட்ட பாரு, அந்த எடத்துலதான் நிப்பாட்டியிருக்கணும்."

கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு பேச்சைச் சுற்றித்தான். மேனிஃபோல்ட் நட்டை வைத்துச் சொல்கிறேன். ஸ்டார்ட்டர் போல்ட், தெர்மோஸ்டாட் ஹவுசிங் போல்ட், ஆல்டர்னேட்டர் பிராக்கெட் எதுவானாலும் முறை இதேதான். வித்தியாசப்படும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

ஏன் பிடித்துக்கொள்கிறது

இரும்பு துருவாகும்போது முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைக்கு நடுவில் இருக்கிற மயிரிழை இடைவெளியில் அந்தத் துரு உண்டாகும்போது, தானே ஆப்பு அடித்துக்கொண்ட மாதிரி இறுகிவிடும். எக்ஸாஸ்ட் பக்கம் இன்னும் மோசம். தினமும் நன்றாகச் சூடாகி, இரவில் குளிர்ந்து, மறுபடி சூடாகும். எண்ணெய்ப் பசை எரிந்து போய், வெறும் இரும்பும் துருவும்தான் மிஞ்சும்.

தெர்மோஸ்டாட் ஹவுசிங் போன்ற அலுமினியப் பாகங்களில் கதை வேறு. அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அது சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் இதுதான். மூன்றாவது வகை, போல்ட்டில் தடவிய லாக் பசை. துருவே இல்லாமல் பளபளவென்று இருக்கிற போல்ட் அசையவில்லை என்றால் இதைச் சந்தேகப்படலாம். சிவப்பு வகைப் பசை 250 டிகிரி வாக்கில் சூடானால்தான் இளகும். அதில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீண்.

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போல்ட்டை முறுக்கும்போது நாம் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய பாதி, நட்டின் அடிப்பரப்பு உரசுவதிலேயே போய்விடும். இன்னொரு 40 சதவீதம் மரை உரசலில் போகும். உண்மையில் இழுத்துப் பிடிக்கும் வேலைக்குப் போவது சுமார் 10 சதவீதம்தான். கழற்றும்போதும் நம் எதிரி இந்த இரண்டு உரசல்கள்தான். மரைக்கு மட்டும் எண்ணெய் விட்டுவிட்டு நட்டின் அடிப்பக்கத்தை மறந்துவிட்டால், பாதி எதிரி அப்படியே நிற்கிறான்.

கை வைப்பதற்கு முன்

இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். சமதளம், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. அடியில் படுத்து வேலை செய்வதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள். செங்கல்லை அடுக்கி ஸ்டாண்டு என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். செங்கல் பிளக்கும் முன் எச்சரிக்கை கொடுக்காது. பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். ஸ்டார்ட்டர் பக்கம் ஸ்பானர் நழுவி ஷார்ட் ஆனால் ஸ்பானரே வெல்டிங் ஆகிவிடும். மோதிரம், வாட்ச், கையில் கட்டிய கயிறு எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள். கண்ணாடி கட்டாயம். அண்ணாந்து பார்த்துச் சுத்தியல் போடும்போது துருத் தூள் நேராகக் கண்ணில்தான் விழும்.

சாமான்களில் காசு செலவழிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, ஆறு மூலை சாக்கெட். பன்னிரண்டு மூலை சாக்கெட்டும் ரிங் ஸ்பானரும் நட்டின் முனைகளைப் பிடித்துத்தான் திருப்பும். துருப்பிடித்துத் தேய்ந்த நட்டில் அது வழுக்கி முனையை மொழுக்கிவிடும். ஆறு மூலை சாக்கெட் பக்கங்களைப் பிடிக்கும். ஓப்பன் ஸ்பானரை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. மற்றபடி இரும்பு பிரஷ், அரை கிலோ சுத்தியல், ஒரு பித்தளைத் துண்டு அல்லது பஞ்ச், சாக்கெட்டைத் திருப்ப நீளமான டாமி பார், கவ்விப் பூட்டிக்கொள்ளும் குறடான வைஸ் கிரிப் நல்லதாக ஒன்று இருந்தால் போதும்.

எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். அடியில் படுத்துக்கொண்டு, பின்பக்கம் இருக்கும் நட்டைக் கையால் தடவிக் கழற்றும்போது இடம் வலம் குழம்பாதவர் யாரும் இல்லை. நட்டின் முகத்தை நேராகப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை. சில பழைய லாரிகளின் இடப்பக்கச் சக்கர நட்டுகள், சில ஃபேன் நட்டுகள் இடது மரை. அவை தலைகீழ்.

முதல் வேலை: சுரண்டல்

ஸ்டட்டின் நுனியில் நட்டுக்கு வெளியே நீண்டிருக்கிற மரையை இரும்பு பிரஷால் நன்றாகத் தேயுங்கள். நட்டு வெளியே வரும்போது இந்த மரை வழியாகத்தான் வர வேண்டும். அங்கே துருக் கட்டி இருந்தால், உள்ளே விட்ட நட்டு வழியில் மறுபடி சிக்கிக்கொள்ளும். நட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையிலுள்ள கோட்டையும் ஊசியாலோ பழைய ஹேக்சா பிளேடாலோ கீறிவிடுங்கள். எண்ணெய் இறங்க வழி வேண்டும். பத்து நிமிட வேலைதான், ஆனால் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறோம்.

எண்ணெயும் காத்திருப்பும்

துரு இளக்கும் ஸ்பிரே எதுவானாலும் சரி. டபிள்யூடி-40 பற்றி ஒரு வார்த்தை: அது 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், தண்ணீரை விலக்கித் துருப்பிடிக்காமல் காப்பதற்காக உருவாக்கப்பட்டது. நாற்பதாவது முயற்சியில் சரியாக அமைந்ததால் அந்த 40. முதலில் அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டைக் காப்பாற்றத்தான் பயன்பட்டது. இறுகிய நட்டுக்கும் உதவும்தான், ஆனால் நாள் பிடிக்கும். துரு இளக்குவதற்கென்றே விற்கும் ஸ்பிரே கிடைத்தால் அதை வாங்குங்கள்.

வீட்டுத் தயாரிப்பு வேண்டுமென்றால், ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கும் பவர் ஸ்டியரிங்குக்கும் ஊற்றுகிற ஏடிஎஃப் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி. இரண்டும் ஒட்டாமல் பிரிந்துகொள்ளும், அதனால் ஒவ்வொரு தடவையும் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும். அசிட்டோன் பெயிண்டையும் வயர் மேலுள்ள பிளாஸ்டிக்கையும் தின்னும். தீயும் சட்டென்று பிடிக்கும், பீடியைத் தள்ளி வையுங்கள். இதுவும் இல்லையென்றால் டீசல். நம்மூர்ப் பட்டறைகளில் காலங்காலமாக டீசலும் சீமெண்ணெயும்தான். மெதுவாக வேலை செய்யும், ஆனால் செய்யும்.

எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதைவிட எத்தனை தடவை ஊற்றுகிறோம் என்பதுதான் முக்கியம். நான் செய்வது இப்படி: வியாழன் இரவு கொஞ்சம், வெள்ளி காலை கொஞ்சம், வெள்ளி இரவு, சனி காலை. இடையில் வண்டி வழக்கம்போல ஓடும். ஓடிச் சூடாகிக் குளிரும்போது உலோகம் விரிந்து சுருங்கி எண்ணெயை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். சூடான மேனிஃபோல்டில் மட்டும் ஊற்றாதீர்கள். புகையும், பற்றிக்கொள்ளவும் செய்யும். கை வைத்துத் தாங்கும் சூட்டுக்கு இறங்கிய பிறகு ஊற்றினால் போதும். ஞாயிற்றுக்கிழமை வேலையை வியாழக்கிழமையே ஆரம்பிப்பவருக்குப் பாதி நட்டு தானாக வந்துவிடும்.

தட்டுதல்

எண்ணெய் ஊற்றிய பிறகு தட்ட வேண்டும். ஓங்கி அடிப்பது இல்லை, தட்டுவது. நட்டின் ஆறு பக்கங்களிலும் பித்தளைத் துண்டை வைத்து "டங் டங்" என்று சுற்றி வாருங்கள். துரு நொறுங்கும் பொருள். அதிர்ச்சி பட்டால் மயிரிழையாக விரிசல் விடும், எண்ணெய் அதற்குள் இறங்கும். தலையுள்ள போல்ட் என்றால் பஞ்ச்சைத் தலையின் நடுவில் வைத்து நேராகத் தட்டலாம், தலைக்கு அடியிலுள்ள பிடிப்பு அதில் விடும். ஸ்டட்டின் நுனியில் நேரடியாக அடிக்காதீர்கள், மரை நசுங்கி நட்டு வெளியே வரவே முடியாமல் போகும்.

காதைக் கொடுத்துக் கேளுங்கள். இறுகிய நட்டு கோயில் மணி மாதிரி "கிண்" என்று ஒலிக்கும். விட ஆரம்பித்ததில் சத்தம் கொஞ்சம் மொண்ணையாகும். எல்லா வண்டியிலும் இது தெளிவாகக் கேட்கும் என்று சொல்ல மாட்டேன். நாலு நட்டையும் மாறி மாறித் தட்டினால் வித்தியாசம் பிடிபடும்.

முதல் திருப்பு

இங்கேதான் நிதானம் வேண்டும். சிறிய இன்ஜின்களில் மேனிஃபோல்ட் ஸ்டட் பெரும்பாலும் 8 எம்எம், நட்டு 13ஆம் நம்பர், சிலவற்றில் 12. 8.8 என்று வலிமைத் தரம் குத்தியிருக்கும் புத்தம்புது 8 எம்எம் போல்ட்டே 33 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கினால் முறிய ஆரம்பிக்கலாம். இருபது சென்டிமீட்டர் ஸ்பானரில் அது சுமார் 17 கிலோ அழுத்தம். அறுபது சென்டிமீட்டர் பைப்பைச் செருகினால்? வெறும் ஐந்தரை கிலோ. அரைக் குடம் தண்ணீரின் எடைகூட இல்லை. என் ஸ்டட் எப்படி முறிந்தது என்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. துரு தின்று இடுப்பு மெலிந்த ஸ்டட்டுக்கு அதுவும் வேண்டாம். ஆகவே 8 எம்எம்முக்குப் பைப் கிடையாது. 10 எம்எம் ஏறக்குறைய இரண்டு மடங்கு தாங்கும். பைப் எல்லாம் சக்கர நட்டுக்கும் கிராங்க் புல்லி போல்ட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்கெட்டை முழுக்க உள்ளே தள்ளி, ஒரு கையால் அதன் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சின்ன உந்து கொடுங்கள். ஆமாம், இறுக்கும் பக்கம்தான், இம்மி அளவு. துருப் பிடி உடைய எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை, அசைந்தால் போதும். அப்புறம் கழற்றும் பக்கம். ஒரே மூச்சில் தொங்க வேண்டாம், சின்னச் சின்ன வெட்டுகளாக இழுங்கள். தள்ளாதீர்கள், இழுங்கள். தள்ளினால், நட்டு விட்டதும் விரல் முட்டி நேராக ரேடியேட்டர் பிராக்கெட்டில் போய் நிற்கும். என் வலக் கை முட்டியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்போது கை என்ன சொல்கிறது என்று கவனியுங்கள்.

ஒன்று, பாறை மாதிரி அசையாமல் நிற்கும். பரவாயில்லை, எண்ணெய்க்கும் தட்டலுக்கும் திரும்புங்கள். அல்லது "கிர்ர்ர்க்" என்று பழைய கதவு மாதிரி கத்திக்கொண்டு ஒரு நூல் திரும்பும். இதுதான் நல்ல சகுனம், துரு உடைகிற சத்தம். இன்னொன்று, சத்தமில்லாமல், ரப்பரைத் திருகுவது போல ஸ்பானர் மெல்ல நகரும். கையை எடுத்தால் கொஞ்சம் பின்னால் வரவும் வரும். இது நட்டு திரும்புவது இல்லை, ஸ்டட் முறுக்கிக்கொள்வது. உடனே நிறுத்துங்கள். ஸ்டட் நுனியில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு புள்ளியும் நட்டில் ஒரு புள்ளியும் வைத்துக்கொண்டால் சந்தேகமே வராது. இரண்டு புள்ளியும் விலகினால் நட்டு திரும்புகிறது. இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால் ஒன்று ஸ்டட் முழுசாகக் கழன்று வருகிறது, அல்லது முறுகுகிறது. முழுசாக வந்தால் நமக்கு லாபம்தான், புது ஸ்டட் போட்டுக்கொள்ளலாம்.

கத்த ஆரம்பித்த நட்டை அப்படியே சுழற்றிக்கொண்டு போகாதீர்கள். கால் சுற்று கழற்றி, எண்ணெய் விட்டு, அதில் பாதி இறுக்கி, மறுபடி கால் சுற்று. உடைந்த துருத் தூள் மரையில் சேர்ந்து அரைபட்டால், பாதி வழியில் முன்பைவிட மோசமாகப் பூட்டிக்கொள்ளும். முன்னும் பின்னும் ஆட்டினால் தூள் எண்ணெயோடு வெளியே வழியும். செங்கல் பொடி நிறத்தில் வடிகிற அந்த எண்ணெயைப் பார்த்தால் மனது நிறையும். இப்படி ஒரு நட்டுக்கு இருபது நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.

சூடு

இரண்டு மூன்று நாள் எண்ணெய்க்கும் தட்டலுக்கும் மசியாத நட்டுக்கு நெருப்பு. இதில் அவசரப்படுகிறவர்கள் வண்டியையே கொளுத்தியிருக்கிறார்கள், அதனால் முதலில் எச்சரிக்கை. ஊற்றிய எண்ணெய் எல்லாவற்றையும் துணியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்த இடத்தைச் சூடாக்காதீர்கள். குளோரின் கலந்த வகையாக இருந்தால் பாஸ்ஜீன் என்ற கொடிய விஷவாயு உண்டாகும். டீசல் பைப்பும் வயரும் பக்கத்தில் போனால் விலக்கிக் கட்டி, நடுவில் தகரத் துண்டு ஒன்றை மறைவாக வையுங்கள். நனைத்த சாக்கும் ஒரு வாளி மணலும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குட்டி யானை மாதிரி சீட்டுக்கு அடியில் இன்ஜின் உள்ள வண்டியில் சீட்டு ரெக்சினும் ஸ்பாஞ்சும் தலைக்கு மேலேயே இருக்கும். சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள்.

சூடு படவேண்டியது நட்டுக்கு, ஸ்டட்டுக்கு அல்ல. நட்டு விரிந்து ஓட்டை பெரிதாக வேண்டும். எஃகு நட்டு 300 டிகிரி சூடேறினால் 8 எம்எம் ஓட்டை விரிவது ஏறக்குறைய 0.03 மில்லிமீட்டர். தலைமுடிக் கனத்தில் பாதிகூட இல்லை. ஆனால் துரு உடைய அது போதும். கேஸ் டார்ச் சுடரை நட்டின் ஒரு பக்கத்தில் காட்டி, நிழலில் பார்த்தால் மங்கலாகச் சிவக்கும் வரை பிடியுங்கள். வார்ப்பிரும்பு ஹெட்டிலும் மேனிஃபோல்டிலும் சுடரை நிறுத்தி வைக்காதீர்கள், ஒரே இடத்தில் சூடேறினால் விரிசல் விடும். சிவந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுவதும் அப்படித்தான்.

சிவந்த நட்டை உடனே திருப்ப வேண்டாம். நிறம் மறைந்து கொஞ்சம் ஆறியதும் ஒரு மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் தொடுங்கள். மெழுகு உருகி, எண்ணெய் போகாத இடுக்குக்கெல்லாம் சர்ரென்று இழுத்துக்கொண்டு போகும். கொஞ்சம் புகையும். லேசாகப் பற்றினால் சாக்கால் அமுக்கிவிடுங்கள். இதை முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. இப்போது சாமான் பெட்டியில் எப்போதும் ஒரு மெழுகுவர்த்தி இருக்கும். அப்புறம் சாக்கெட்டை மாட்டி மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரே சூட்டில் வராவிட்டால் மூன்று நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் முழுக்க ஆறவிட்டு மறுபடி சூடாக்குவதும் வேலையின் ஒரு பகுதிதான்.

அலுமினியம் என்றால் கவனம். அது சிவக்காது. 660 டிகிரியில் நிறமே மாறாமல் உருகி ஓடிவிடும். இந்த இடத்தில் சூடு போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்துக்கு, அதுவும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தோசைக்கல்லில் போலச் சொய்யென்று ஆவியாகும் அளவுக்கு மட்டும். எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் அந்தச் சூடே பெரும்பாலும் போதும்.

முனை மொழுங்கிவிட்டால்

சாக்கெட் வழுக்க ஆரம்பித்த முதல் தடவையே நிறுத்துங்கள். "இன்னும் ஒரு தடவை" என்கிற அந்த ஒரு தடவைதான் நட்டை உருண்டையாக்கும். 13ஆம் நம்பர் நட்டுக்கு 12ஆம் நம்பர் ஆறு மூலை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள். துரு தின்ற நட்டில் ஏறிவிடும், கவ்விக்கொள்ளும். சாக்கெட்டுக்கு இடமில்லையென்றால் இரண்டு பக்கம் அரம் போட்டுத் தட்டையாக்கி வைஸ் கிரிப்பால் பிடிக்கலாம். ஆனால் வைஸ் கிரிப் ஒரு தடவை வழுக்கினால் அடுத்த தடவை பிடிக்க ஒன்றும் மிஞ்சாது.

ஸ்டட்டில் இருக்கிற நட்டு என்றால் என் யோசனை வேறு. நட்டைக் காப்பாற்ற வேண்டாம், அதை வெட்டிவிடுங்கள். ஸ்டட்டுக்கு இணையாக ஹேக்சா பிளேடால் நட்டின் ஒரு பக்கத்தை அறுத்து, மரை தெரியும் வரை வந்ததும் நிறுத்தி, அந்தப் பிளவில் உளியை வைத்து ஒரு தட்டு. நட்டு வாயைப் பிளந்துவிடும். நட் ஸ்பிளிட்டர் கிடைத்தால் இன்னும் சுலபம். நட்டு போனால் சில்லறைக் காசு, ஸ்டட் முறிந்தால் ஹெட் இறங்கும். இது தெரிந்திருந்தால் நான் அந்த மூன்று நாளைத் தொலைத்திருக்க மாட்டேன்.

முறிந்தே விட்டால்

ஹெட்டுக்கு வெளியே விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தால் நம்பிக்கை இருக்கிறது. அந்தத் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டைக்குள் வெல்டிங் வைத்து நிரப்பச் சொல்லுங்கள். வெல்டிங் சூட்டிலேயே ஸ்டட்டின் பிடி பாதி விட்டுவிடும். செம்மை போய் ஆறியதும் அந்த நட்டைப் பிடித்து ஆட்டினால் பெரும்பாலும் வரும். முதல் தடவை நட்டு மட்டும் பிய்ந்து வந்தால் மனம் தளராமல் இன்னொரு நட்டை வைக்கலாம். வெல்டிங்குக்கு முன் பேட்டரி டெர்மினல் கழன்றிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். எர்த் கிளிப்பை இன்ஜினிலேயே, வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள். இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) உள்ள வண்டியில் அதன் வயர் சாக்கெட்டையும் பிடுங்கிவிடுவது நல்லது.

ஹெட்டுக்குச் சமமாகவோ உள்ளேயோ முறிந்திருந்தால் துளை போடுவதுதான் வழி. முறிந்த முகத்தை அரத்தால் தட்டையாக்கி, மிகச் சரியாக நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, 3 எம்எம் டிரில்லில் ஆரம்பிக்க வேண்டும். இடது சுற்று டிரில் பிட் கிடைத்தால் வாங்குங்கள், துளை போடும்போதே சில சமயம் ஸ்டட்டைக் கழற்றிக்கொண்டு வந்துவிடும். துளைக்குள் இறக்கி இடப்பக்கம் திருகி ஸ்டட்டை வெளியே எடுக்கிற ஈஸி அவுட் போடுவது பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. முறுக்கியே முறிந்த ஸ்டட்டை, அதைவிட ஒல்லியான ஈஸி அவுட் எப்படிக் கழற்றும்? அது மிகக் கடினமான எஃகு. உள்ளேயே முறிந்தால் சாதாரண டிரில் அதில் ஏறாது. நடுத்துளை சரியாக விழுந்திருந்தால் படிப்படியாகப் பெரிதாக்கி 6.8 எம்எம் வரை போய், 8க்கு 1.25 டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டிப் பழைய மரையையே மீட்கலாம். துளை கோணலாகிவிட்டது என்று தெரிந்த நொடியே டிரில்லைக் கீழே வைத்துவிட்டு லேத் பட்டறைக்குக் கிளம்புங்கள். அவர்களிடம் ஹெலிகாயில் (கம்பிச் சுருளால் புது மரை) போடும் வசதி இருக்கும். கோணல் துளையைச் சரிசெய்யப் போய் தண்ணீர் ஓடும் பாதையைத் தொட்டுவிட்டால் ஹெட்டுக்கே ஆபத்து.

திரும்ப மாட்டும்போது

பழைய ஸ்டட்டுகளில் இடுப்பு மெலிந்தவை, மரை தேய்ந்தவை எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, உள்ளே இருக்கும் நட்டைப் பிடித்துத் திருப்பினால் ஸ்டட் வரும். ஹெட்டின் ஓட்டைகளில் டேப்பைக் கையாலேயே ஓட்டி, துருவையும் கரியையும் எடுத்துவிடுங்கள். மேனிஃபோல்ட் முகத்தில் ஒரு எஃகு ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள், அடியில் வெளிச்சம் தெரிந்தால் வளைந்திருக்கிறது. முகம் சீவாமல் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் மறுபடி ஊதும்.

நட்டு செம்பு முலாம் பூசியதாகவோ பித்தளையாகவோ கிடைத்தால் அதைப் போடுங்கள். துருப்பிடித்து ஸ்டட்டோடு ஒட்டிக்கொள்ளாது. மரையில் செம்பு கலந்த ஆன்டி சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பசை) மெல்லிசாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் இந்தச் சூட்டில் எரிந்து கரியாகிவிடும். ஆன்டி சீஸ் தடவினால் உரசல் குறையும், அதே முறுக்கில் போல்ட் அதிகமாக இழுபடும். புத்தகத்தில் காய்ந்த மரைக்குச் சொல்லியிருக்கும் டார்க்கில் (முறுக்கு அளவில்) ஐந்தில் ஒரு பங்கோ கால் பங்கோ குறைத்து வையுங்கள். சக்கர நட்டுக்கு மட்டும் இதைத் தடவாதீர்கள்.

நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இன்ஜினை நன்றாகச் சூடேறும் வரை ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, இன்னொரு தடவை டார்க் ரெஞ்ச் வையுங்கள். புதுப் பேக்கிங் கொஞ்சம் அமுங்கியிருக்கும், ஒன்றிரண்டு நட்டு கால் சுற்று வாங்கும். அது முடிந்ததும் ஒவ்வொரு நட்டிலிருந்தும் ஸ்டட் நுனி வரை வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை ஆயில் மாற்றச் சீட்டைத் தூக்கும்போது டார்ச் அடித்து, கோடு விலகியிருக்கிறதா, கரி படிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கையில் ஸ்பிரே இருந்தால், இன்ஜின் ஆறியிருக்கும்போது அந்த மரைகளில் ஒரு சொட்டு.